வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு தரகர்

பழைய வால்வு ஆம்பிளிபயர் ஒன்றின் பின்புறத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கே வரிசையாக நான்கு திருகுகள் இருப்பதைக் காண்பீர்கள். அவற்றின் கீழே 0, 4, 8, 16 என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் ஒரு கம்பியை 0 என்ற திருகில் கட்ட வேண்டும். மற்றொரு கம்பியை எதில் கட்டுவது? 16-ல் கட்டினால் சத்தம் அதிகமாக வரும் என்று ஒருவர் சொல்வார். 4-ல் கட்டினால்தான் ஆம்பிளிபயர் நீடித்து உழைக்கும் என்று இன்னொருவர் சொல்வார். இருவர் சொல்வதும் சரியல்ல. ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தால் 8-ல் கட்ட வேண்டும். எதிலும் கட்டாமல் வெறுமனே விட்டு ஆம்பிளிபயரை அலறவிட்டாலோ, உள்ளே இருக்கும் விலை மிகுந்த பொருள் ஒன்று புகைந்து போகலாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஓம் விதியும் கொஞ்சம் பெருக்கல் வாய்பாடும் போதும்.

முதலில் வால்வைக் கவனிப்போம். 1950-களில் ஐரோப்பிய ரேடியோக்களில் பெருவாரியாகப் பயன்பட்ட இ.எல்.84 என்னும் வால்வை எடுத்துக்கொள்ளலாம். விரல் நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே காற்று இல்லை. நடுவிலுள்ள கேதோடு சூடேறியதும் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, கம்பிவலை போன்ற கிரிட்டுகளைத் தாண்டி, வெளியே இருக்கும் பிளேட்டை அடைகின்றன. முதல் கிரிட்டுக்குக் கொடுக்கும் சிறிய மின்னழுத்த மாற்றம், பிளேட்டுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டி வைக்கிறது. தண்ணீர்க் குழாயின் திருகைத் திறந்து மூடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 

இந்த வால்வின் பிளேட்டுக்கு 250 வோல்ட் கொடுத்தால், பாட்டு இல்லாத நேரத்தில் அதன் வழியே 48 மில்லி ஆம்பியர் ஓடும்படி அமைப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் 12 வாட். அந்தப் பிளேட் தாங்கக்கூடிய வெப்பத்தின் எல்லையும் 12 வாட்தான். ஆகவே சும்மா இருக்கும்போதும் அது விரலைச் சுட்டுவிடும். பாட்டு வரும்போது மின்னோட்டம் 48-க்கு மேலும் கீழும் ஊசலாடுகிறது. மிகவும் கீழே போனால் பூஜ்யம். அதற்குக் கீழே போக முடியாது. அதே அளவு மேலே போனால் 96 மில்லி ஆம்பியர். பிளேட்டின் மின்னழுத்தமும் 250-க்குக் கீழும் மேலும் ஆடும். கீழே பூஜ்யம் வரை, மேலே 500 வரை. 250 வோல்ட் மட்டுமே கொடுத்த இடத்தில் 500 எப்படி வரும் என்று கேட்பீர்கள். பிளேட்டுடன் இணைந்த சுருளில் காந்தப்புலமாகத் தேங்கியிருக்கும் ஆற்றல்தான் அந்த உபரியைக் கொடுக்கிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, இந்த வால்வால் அதிகபட்சம் 250 வோல்ட் ஊசலையும் 48 மில்லி ஆம்பியர் ஊசலையும் கொடுக்க முடியும். இரண்டையும் ஒரே சமயத்தில் முழுமையாகப் பெற எத்தனை ஓம் மின்தடையை அதனுடன் இணைக்க வேண்டும்? 250-ஐ 0.048-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 5200 ஓம். வால்வு தயாரித்தவர்கள் தங்கள் குறிப்பேட்டில் அச்சிட்ட எண்ணும் இதேதான்! அப்போது கிடைக்கும் திறன், உச்ச மதிப்புகளின் பெருக்கலில் பாதி, அதாவது 6 வாட். தயாரிப்பாளர் சொல்வது 5.7 வாட், அதுவும் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஒலித் திரிபுடன். நம் மனக்கணக்கு பரவாயில்லை அல்லவா?

இனி ஸ்பீக்கர். கூம்பு வடிவக் காகிதத்தின் கழுத்தில் ஒரு சிறிய சுருள். அது ஒரு வலிய காந்தத்தின் இடுக்கில் முன்னும் பின்னும் ஆடுகிறது. இதற்கு வாய்ஸ் காயில் என்று பெயர். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-ல் வெளியிட்ட அமைப்பு இது. இன்று உங்கள் வீட்டில் உள்ள பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதன் பேரப்பிள்ளைகளே. அதற்கு முன்னால் ரேடியோ கேட்டவர்கள் காதில் மாட்டிக்கொண்ட ஹெட்போன்களில் சுருள் ஆடாது. மெல்லிய இரும்புத் தகடுதான் ஆடும். சுருள் அசையாமல் கிடப்பதால் தலைமுடி போன்ற கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றலாம். 2000 ஓம் ஹெட்போன் அந்த நாளில் சாதாரணம். அதை நேராக வால்வின் பிளேட்டிலேயே கட்டிவிட்டார்கள், சிக்கலே எழவில்லை.

ஆனால் ஆடும் சுருள் கனமாக இருந்தால் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துள்ளுமா? ஆகவே சுற்றுகளைக் குறைத்தார்கள். சுற்றுக் குறைந்ததும் ஓமும் குறைந்தது. 16, 8, 4 என்று வந்து நின்றது. நல்ல ஒலிக்கு அவர்கள் கொடுத்த விலை இது.

இந்த 8 ஓம் ஸ்பீக்கரை நேரே நம் வால்வுடன் கட்டினால் என்ன ஆகும்? வால்வு தரக்கூடிய ஊசல் 0.048 ஆம்பியர்தான். அதன் வர்க்கத்தை 8-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள். 0.009 வாட். ஆறு வாட் கொடுக்க வேண்டிய வால்வு ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை! வால்வின் மேல் குற்றமில்லை. அதனிடம் வோல்ட் ஏராளம், ஆம்பியர் சொற்பம். ஸ்பீக்கருக்கோ ஆம்பியர் வேண்டும். 6 வாட்டுக்கு அது கேட்கும் ஊசல் சுமார் 1.2 ஆம்பியர், ஆனால் 10 வோல்ட் இருந்தாலே போதும். ஒருவரிடம் நூறு ரூபாய் நோட்டு மட்டும் இருக்கிறது. பஸ் கண்டக்டரோ சில்லறை கேட்கிறார். இருவருக்கும் நடுவே சில்லறை மாற்றித் தர ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் அவுட்புட் டிரான்ஸ்பார்மர்.

இரும்புத் தகடுகளை அடுக்கிய உள்ளகத்தின் மேல் இரண்டு சுருள்கள். முதன்மைச் சுருளில் சுற்று அதிகம், துணைச் சுருளில் குறைவு. சுற்றுகளின் விகிதம் 25 என்றால், மின்னழுத்தம் 25 மடங்கு குறையும், மின்னோட்டம் 25 மடங்கு கூடும். இது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பாடம் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது அடுத்த படி. ஓம் என்பது வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவது. மேலே உள்ளது 25 மடங்கு சுருங்கி, கீழே உள்ளது 25 மடங்கு பெருகினால், ஓம் 25 மடங்கு அல்ல, 25 பெருக்கல் 25, அதாவது 625 மடங்கு மாறுகிறது! துணைச் சுருளில் 8 ஓம் ஸ்பீக்கரைக் கட்டினால், முதன்மைச் சுருளின் வழியாகப் பார்க்கும் வால்வுக்கு அது 5000 ஓமாகத் தெரிகிறது. நமக்கு வேண்டிய 5200-க்கு விகிதம் சுமார் 25.5.

டிரான்ஸ்பார்மருக்குச் சொந்தமாக ஓம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘5000 ஓம் டிரான்ஸ்பார்மர்’ என்று கடையில் சொல்வது வசதிக்காகத்தான். அது ஒரு கண்ணாடி. 8 ஓமைக் காட்டினால் 5000 தெரியும். 4 ஓமைக் காட்டினால் 2500 தெரியும்.

புத்தக விதி பொய்யா?

கெட்டிக்கார மாணவர் இங்கே கையைத் தூக்குவார். “மின்மூலத்தின் அகமின்தடையும் வெளியே இணைக்கும் மின்தடையும் சமமாக இருந்தால்தான் பெருமத் திறன் கிடைக்கும் என்று படித்திருக்கிறோமே?” நியாயமான கேள்வி. 1840-களில் யாக்கோபி மின்கலங்களை வைத்துக் கண்ட விதி அது. வால்வு ஆம்பிளிபயரைப் பற்றி எழுதும்போது பலரும், பெரியவர்கள் உட்பட, “வால்வின் அகமின்தடைக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் இது” என்று எழுதிவிடுகிறார்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

இ.எல்.84-ன் அகமின்தடை சுமார் 38,000 ஓம். விதிப்படி 38,000 ஓம் சுமையை இணைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்த ஊசல் 250 வோல்ட்டுக்கு மேல் போக முடியாது. 250-ன் வர்க்கத்தை 38,000-ஆல் வகுத்துப் பாதியாக்கினால் 0.8 வாட்தான் வருகிறது. 5200 ஓமில் ஆறு வாட் கிடைத்ததே! யாக்கோபியின் விதி பொய்யல்ல. கிரிட்டுக்குக் கொடுக்கும் சிக்னல் மிகச் சிறியதாக இருக்கும்வரை அது அப்படியே பொருந்தும். ஆனால் வால்வை அதன் எல்லைவரை வேலை வாங்கும்போது, திறனைத் தீர்மானிப்பது அகமின்தடை அல்ல. கொடுத்திருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும். உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கும் மிகச் சிறிய அகமின்தடை உண்டு. அதற்குச் சமமான அடுப்பை வாங்கி மாட்டிப் பெருமத் திறன் பெற யாராவது முயல்வார்களா?

4, 8, 16

இப்போது நான்கு திருகுகளுக்குத் திரும்புவோம். 8 என்ற திருகில் 4 ஓம் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டோம். வால்வுக்குத் தெரிவது 2600 ஓம். அதன் மின்னோட்ட ஊசல் 48 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும். கணக்கிட்டால் 3 வாட், பாதிதான். சரி, 16 ஓம் ஸ்பீக்கரை அதே திருகில் கட்டினால்? வால்வுக்குத் தெரிவது 10,400 ஓம். இம்முறை மின்னழுத்தம் 250-ல் முட்டிக்கொள்கிறது. மறுபடியும் 3 வாட்! ஒரு பக்கம் ஆம்பியர் தீர்ந்துபோகிறது. மறுபக்கம் வோல்ட் தீர்ந்துபோகிறது. எது தீர்ந்தாலும் அலையின் உச்சி மழுங்கி, பாட்டுக் கரகரக்கிறது. 2 ஓம் ஸ்பீக்கரானால் ஒன்றரை வாட்தான்.

இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் கட்டினால் 4 ஓம். அப்போது 4 என்ற திருகுக்கு மாற வேண்டும். அங்கே துணைச் சுருளின் சுற்றுகள் குறைவு, விகிதம் கூடுகிறது, வால்வுக்கு மறுபடியும் அதே 5200 தெரிகிறது. இங்கே ஒரு சின்னப் புதிர். 16 ஓம் திருகுக்குத் துணைச் சுருளில் 200 சுற்று என்றால், சரியாக நடுவில், 100-வது சுற்றில் கம்பியை வெளியே எடுத்தால் அது எத்தனை ஓம் திருகு? எட்டு என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். சுற்று பாதியானால் ஓம் கால் பங்கு. ஆகவே நடுவில் இருப்பது 4. எட்டுக்கு உரிய இடம் 141-வது சுற்றுக்குப் பக்கத்தில்.

முதுகில் அச்சிட்ட எண்ணை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். 8 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரால் அளந்தால் 6 அல்லது 7 ஓம் காட்டும். மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் தடையை மட்டும். பாட்டு மாறுமின்னோட்டம். அதற்குச் சுருள் காட்டும் மொத்த எதிர்ப்பைப் புத்தகம் ‘மின் எதிர்ப்பு’ என்று சொல்லும். ரேடியோ மெக்கானிக் ‘இம்பீடன்ஸ்’ என்பார். அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். கூம்பின் இயல்பான ஒத்ததிர்வு நடக்கும் தாழ்ந்த சுருதியில், எட்டு என்று பெயர் வைத்த ஸ்பீக்கர் நாற்பது ஓம்கூடக் காட்டும். சில நூறு அதிர்வெண்ணில் இறங்கி ஏழு எட்டில் நிற்கும். மேலே போகப் போகச் சுருளின் மின்தூண்டல் காரணமாக மறுபடியும் ஏறும். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் நிலைமின் ஸ்பீக்கர் இதற்கு நேர் எதிர். சுருளுக்குப் பதில் மின்தேக்கி போல் வேலை செய்வதால், உச்சச் சுருதிகளில் 2 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். பல ஆம்பிளிபயர்களைத் திணற வைத்த ஸ்பீக்கர் அது.

ஏன் ஒத்ததிர்வில் ஓம் ஏறுகிறது? அங்கே கூம்பு தாராளமாக ஆடுகிறது. காந்தப்புலத்தில் ஆடும் சுருள் ஒரு சிறு டைனமோ அல்லவா? அது தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, வரும் மின்னோட்டத்தை எதிர்க்கிறது. இதை நீங்கள் கையாலேயே உணரலாம். எதனோடும் இணைக்காத, கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்பின் நடுவை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். ‘தொம்ம்’ என்று சற்றே நீண்டு ஒலிக்கும். இப்போது அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுத் தட்டுங்கள். ‘டப்’ என்று உடனே அடங்கிவிடும். டைனமோ உண்டாக்கும் மின்னோட்டம் சுற்றிவர வழி கிடைத்ததும், அதுவே கூம்புக்குத் தடைக்கட்டை ஆகிவிடுகிறது. லென்ஸ் விதி உங்கள் விரல் நுனியில்!

ஆம்பிளிபயரோடு இணைத்திருக்கும்போது அந்தத் துண்டுக் கம்பியின் வேலையைச் செய்ய வேண்டியது ஆம்பிளிபயரின் அகமின்தடை. முன்பு நாம் ஒதுக்கி வைத்த அகமின்தடை இங்கேதான் முக்கியமாகிறது. 38,000 ஓம் வால்வை ஸ்பீக்கரின் பக்கமிருந்து பார்த்தால், 650-ஆல் வகுத்து, சுமார் 58 ஓம். ஏறக்குறையத் திறந்த சுற்று மாதிரிதான். கூம்பு தன் இஷ்டத்துக்கு ஆடும். ஓம் நாற்பதாக ஏறும் இடத்தில் மற்ற இடங்களைவிட மூன்று மடங்குக்கு மேல் மின்னழுத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். அதனால்தான் மலிவான வால்வு ரேடியோவில் மிருதங்கம் எதைத் தட்டினாலும் ஒரே சுருதியில் ‘பூம் பூம்’ என்று கேட்கும். சிலருக்கு அதுவே இனிமை. அதை ‘வால்வு ஒலி’ என்று கொண்டாடுகிறார்கள். சுவையைப் பற்றிச் சண்டை போட வேண்டாம்.

இதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று, அகமின்தடை குறைந்த டிரையோடு வால்வுகள். 1930-களில் அமெரிக்கச் சினிமாக் கொட்டகைகளின் ஆம்பிளிபயர்களில் இருந்த 300-பி இனத்தைச் சேர்ந்த வால்வுக்கு 700 ஓம்தான். 3500 ஓமை 8 ஓமாக மாற்றும் டிரான்ஸ்பார்மர் வழியே பார்த்தால் 1.6 ஓம். அருமையான தடைக்கட்டை. மற்றொன்று, 1927 ஆகஸ்டு 2-ஆம் தேதி பெல் ஆய்வுக்கூடத்தின் ஹெரால்டு பிளாக், வேலைக்குப் போகும் படகில் செய்தித்தாளின் மேல் கிறுக்கி வைத்த எதிர்ப் பின்னூட்டம். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி ஆம்பிளிபயரின் நுழைவாயிலில் எதிராகச் சேர்த்தால், பிழைகளும் சுருங்கும், அகமின்தடையும் சுருங்கும். இங்கிலாந்தின் வில்லியம்சன் 1947-ல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட 15 வாட் ஆம்பிளிபயர் இரண்டு மருந்துகளையும் கலந்து கொடுத்தது. உலகமெங்கும் மாணவர்களும் மெக்கானிக்குகளும் அதைப் பார்த்துக் கட்டினார்கள்.

இரும்பின் தொல்லைகள்

வில்லியம்சன் தம் கட்டுரையில் டிரான்ஸ்பார்மருக்கு மிகுந்த கவனம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. விகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. முதன்மைச் சுருளின் மின்தூண்டல் ஸ்பீக்கருக்குப் பக்க இணைப்பில் நிற்கிறது. அது 16 ஹென்றி என்றால், 50 அதிர்வெண்ணில் அதன் எதிர்ப்பு சுமார் 5000 ஓம். அதாவது ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். தாழ்ந்த சுருதி மெலிந்துபோகும். மின்தூண்டலைக் கூட்ட அதிகம் சுற்று, அதிகம் இரும்பு. ஆனால் சுற்றைக் கூட்டினால் ஒரு சுருளின் காந்தப்புலம் முழுவதும் மற்றதை அடையாமல் கசிந்து, உயர்ந்த சுருதி மழுங்கும். ஆகவே இரண்டு சுருள்களையும் தனித்தனியே சுற்றாமல், இட்டலித் தட்டுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி அடுக்கிச் சுற்றுவார்கள். வேலை அதிகம், விலையும் அதிகம். பழைய ஆம்பிளிபயரைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்லது என்று சொல்லும் பெரியவர்களின் பேச்சில் உண்மை இருக்கிறது.

230 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கும் சாதாரண டிரான்ஸ்பார்மரின் விகிதம் 25.5 தானே, அதையே பயன்படுத்தினால் என்ன என்று உங்களில் யாருக்காவது தோன்றியிருக்கும். விகிதம் அச்சாகப் பொருந்துகிறது! ஆனால் வால்வின் 48 மில்லி ஆம்பியர் ஓய்வு மின்னோட்டம் ஒரே திசையில் ஓயாமல் ஓடி, இரும்பைக் காந்தத்தால் தெவிட்ட வைத்துவிடும். அதைத் தடுக்க ஒற்றை வால்வு டிரான்ஸ்பார்மரில் தகடுகளுக்கு நடுவே காகிதம் வைத்து மெல்லிய இடைவெளி விடுவார்கள். வீட்டு மின் டிரான்ஸ்பார்மரில் அந்த இடைவெளி கிடையாது. இரண்டு வால்வுகளை எதிரெதிராக இழுக்க வைக்கும் ‘புஷ்புல்’ அமைப்பில் ஓய்வு மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

தரகரே வேண்டாம் என்று முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஜூலியஸ் பட்டர்மன் 1950-களில் பல வால்வுகளைச் சேர்த்து டிரான்ஸ்பார்மர் இல்லாமலே ஸ்பீக்கரை இயக்கினார். ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனம் மறுமுனையிலிருந்து வந்தது. வாய்ஸ் காயிலில் மெல்லிய கம்பியைச் சுற்றி 800 ஓம் ஸ்பீக்கர்களைச் செய்தது. அதே எடைச் செம்பில் பத்து மடங்கு சுற்றினால், நீளமும் பத்து மடங்கு, கம்பியின் குறுக்குப் பரப்போ பத்தில் ஒன்று. ஆக ஓம் நூறு மடங்கு. ஆனால் அந்த ஸ்பீக்கர் பழுதானால் வேறொன்று கிடைப்பது கடினம். வழக்கம் 8 ஓமோடு நின்றுவிட்டது. வால்வுகளோ இன்றும் சீனா, ரஷ்யா, ஸ்லோவாக்கியா முதலிய நாடுகளில் தயாராகின்றன. கிட்டார் வாசிப்பவர்கள் அவற்றை விடுவதாக இல்லை.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால்?

டிரான்சிஸ்டர் ஆம்பிளிபயரில் ஸ்பீக்கர் கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் ஆபத்து. கழன்று தொங்கினால் ஒன்றுமில்லை. வால்வு ஆம்பிளிபயரில் கழன்று தொங்குவதுதான் பெரிய ஆபத்து. துணைச் சுருளில் சுமை இல்லை என்றால், வால்வின் கண்ணுக்கு எல்லையற்ற ஓம் தெரியும். வால்வோ மின்னோட்டத்தைத் திடீரென்று கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. காந்தப்புலமாகத் தேங்கிய ஆற்றல் போக இடமில்லாமல் மின்னழுத்தமாகக் குமுறுகிறது. 500-ல் நிற்க வேண்டியது ஆயிரத்தைத் தாண்டும். சுருளின் மின்காப்பைத் துளைத்தோ, வால்வின் அடிப்பகுதியில் பொறி பறந்தோ அது அடங்கும். அதோடு டிரான்ஸ்பார்மரின் கதையும் முடியும். பெண்டர் கிட்டார் ஆம்பிளிபயர்களில் ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கியதும் வெளிவாயில் தானாகவே குறுக்காக இணைந்துவிடும்படி செய்திருப்பதன் இரகசியம் இதுதான்.

வீட்டில் பழைய வால்வுப் பெட்டி இருந்தால் ஸ்பீக்கரை இணைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். மூடியைத் திறந்து கையை விடாதீர்கள். சுவிட்சை அணைத்த பின்னும் மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் அது உங்கள் வேலை அல்ல.

திருவிழாக் குழாய்கள்

திருவிழாவில் மரத்துக்கு மரம் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 16 ஓம் என்றால், நான்கைப் பக்க இணைப்பில் கட்டினால் 4 ஓம். ஆம்பிளிபயரில் 4 என்ற திருகு இருக்கிறது. ஆனால் குழாய்கள் நூறு மீட்டர் தள்ளி இருக்கின்றனவே! ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக நூறு, வர நூறு மீட்டர்; அதன் மின்தடை சுமார் 3.4 ஓம். ஆம்பிளிபயர் அனுப்பும் திறனில் கிட்டத்தட்டப் பாதி, வழியிலேயே கம்பியைச் சூடாக்கிப் போய்விடும்.

மைக் செட்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வழி ‘நூறு வோல்ட் லைன்’. 40 வாட் ஆம்பிளிபயர், முழு ஒலியில் 100 வோல்ட் கொடுக்கும்படி அதன் டிரான்ஸ்பார்மரில் தனித் திருகு இருக்கும். ஒவ்வொரு குழாயின் முதுகிலும் ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர், சுமார் 8-க்கு 1 விகிதம். அது 16 ஓமை 1000 ஓமாகக் காட்டும். 1000 ஓமில் 100 வோல்ட் என்றால் 10 வாட். நான்கு குழாய்களும் பக்க இணைப்பில் 250 ஓம். அதே கம்பியின் 3.4 ஓம் இப்போது நூற்றில் ஒன்றரைப் பங்கைக்கூட விழுங்காது. மின்வாரியம் ஊர் விட்டு ஊர் மின்சாரம் அனுப்ப உயர் மின்னழுத்தத்தை நாடுவதும் இதே கணக்கில்தான்.

இந்த முறையில் இன்னொரு வசதி, ஓமை மறந்துவிட்டு வாட்டைக் கூட்டினாலே போதும். கல்யாண மண்டபம் ஒன்றில் அதே 40 வாட் ஆம்பிளிபயர். வாசலில் 15 வாட்டுக்கு அமைத்த குழாய்கள் இரண்டு, உள்ளே 2.5 வாட்டுக்கு அமைத்த சிறு ஸ்பீக்கர்கள் நான்கு. ஒவ்வொன்றும் லைனுக்கு எத்தனை ஓமாகத் தெரியும்? எல்லாவற்றையும் பக்க இணைப்பில் கட்டினால் மொத்தம் 250 ஓம் வருகிறதா என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.